தாசில்தார் தள்ளின தெரு

மீன் கதைன்னு சொன்ன உடனே உங்க மூஞ்சியில ஒரு வெளிச்சம் வருது பாருங்க, மொதல்ல அதை அணைச்சிருங்க. மீன் பேசும்னு பாக்கீகளா? பேசாது. வயித்தைக் கீறினா மோதிரம் கெடைக்கும்னு பாக்கீகளா? கீறவே போறதில்ல, கதை முடியுத வரைக்கும் மீன் நல்லா தின்னுட்டு உசுரோடதான் இருக்கும். அழகான பொண்ணா மாறுமான்னு அந்தக் கடைசி வரிசை அண்ணாச்சி ஆசையாப் பாக்காரு; மாறாது, நீரு வீட்டுக்குப் போயி படுக்கலாம். கொழம்பு வைப்பாவளான்னா, இது மீனைக் கண்ணாடிக்குள்ள மட்டும் பாக்குத தெரு வே. இந்த மீன் வீட்டைத் தள்ளும். அம்புட்டுதான். எப்படித் தள்ளும்னு கேக்கப்பிடாது. அந்தத் தெருக்காரங்களே கேக்கல, உங்களுக்கு என்ன சோலி?

தாமிரவருணிக்கு இந்தப் பக்கம் ஒரு ஊரு, அந்த ஊருல மேட்டுத்தெரு, தெருவுல பதினோரு வீடு. சர்வே ஆபீசுல முப்பத்திநாலு வருசம் சங்கிலியைப் பிடிச்சு ஊரான் நெலத்தை எல்லாம் அளந்துட்டு ரிட்டயரான கொம்பையா, இனி அளக்கதுக்கு ஒண்ணும் இல்லியேன்னு கை நமநமங்க, தன் வீட்டுப் பட்டாசல்ல, அதான் முன்கூடத்துல, நாலடிக்கு ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கி வச்சாரு. மீன்தொட்டின்னா கடையில விக்குத கோட்டை, பொதையல் பெட்டி, வாயைத் தொறந்து தொறந்து மூடுத முதலை, இதெல்லாம் போடுவாவ இல்லியா? கொம்பையா போடல. சிமிண்டைக் குழைச்சு, ஒரு மாசம் சம்மணம் போட்டு உக்காந்து, தெருவையே அளவு மாறாம உள்ளங்கை உள்ளங்கையா பதினோரு வீடாச் செஞ்சு, பச்சைக் கதவுக்குப் பச்சை அடிச்சு, ஓட்டு வீட்டுக்கு ஓடு போட்டு, மொட்டைமாடியில காயுத வத்தல் வரைக்கும் வச்சு, சர்வே படத்துல உள்ள வரிசையில கூழாங்கல்லு மேல நட்டாரு. அப்புறம் ஒரு மீனை விட்டாரு. வாஸ்து மீன்னு விப்பாவளே, நெத்தியில கொழுக்கட்டையை ஒட்டி வச்ச மாதிரி புடைச்சிக்கிட்டு இருக்குமே, அது. வாங்கும்போது பெருவெரல் அளவு. ஒரு வருசத்துல ஒரு முழம்.

ஆனி மாசம் ஒரு மத்தியானம், தெருவே சாப்பிட்டுட்டுக் கண் அசந்த நேரம், அந்த மீன் கொழுக்கட்டை மண்டையைக் குடுத்து ஏழாம் நம்பர் வீட்டை ஒரு சாண் தள்ளுச்சு. ஏழாம் நம்பருன்னா பேங்க்குல மானேஜரா இருந்த பிச்சையா வீடு. மூணரை மணிக்கு அவரு முழிச்சு, கொட்டாவி விட்டுக்கிட்டே கதவைத் தொறந்தா, எதுத்தாப்புல இருக்க வேண்டிய பிள்ளையார் கோயிலைக் காணும்.

"ஏட்டி, பிள்ளையாரை எங்கன தூக்கிட்டுப் போயிட்டாவ?"

"பிள்ளையாரு அவரு எடத்துலதான் இருக்காரு, நாமதான் தள்ளி வந்துருக்கோம். காப்பி ஆறுது, குடிங்க"ன்னு அவரு பொஞ்சாதி உள்ள இருந்தே சொன்னா.

அதுக்கப்புறம் ஒவ்வொரு மத்தியானமும் அந்த மீன் ஒரு வீட்டைத் தள்ளும், தெருவுல அந்த வீடு நகரும், சத்தம் கெடையாது, அடுப்புல பால் பொங்காது, தொட்டில்ல புள்ள முழிக்காது, செவத்துல காலண்டர் மட்டும் ஒரு ஆட்டம் ஆடும், கரண்டுக் கம்பியும் சாக்கடைக் குழாயும் நாய்க்குட்டி மாதிரி பின்னாலயே வந்துரும். போஸ்ட்மேன் ரெண்டு நாள் முழிச்சாரு, மூணாம் நாள் நம்பரைப் பாக்கதை விட்டுட்டு மூஞ்சியைப் பாத்துக் கடுதாசி குடுக்க ஆரம்பிச்சாரு. பால்காரரு சைக்கிளை முக்குல நிறுத்தி "இன்னைக்கு யாரு எங்கன?"ன்னு ஒரு கொரல் குடுப்பாரு, வாசவாசலா "நாங்க இங்கன"ன்னு பதில் வரும். கோலம் போட்ட பொம்பளைக்குக் கோலம் ஒரு எடத்துலயும் வாசல் ஒரு எடத்துலயும் ஆகிப்போச்சுன்னா, இப்ப யாரு வாசல் அங்க வந்துருக்கோ அவ அந்தக் கோலத்தை வச்சுக்கிடுவா, கணக்குப் பாக்கப்பிடாது. மூணாம் நம்பர் வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தவங்க, உள்ள கேசரி தின்னுக்கிட்டு இருக்கும்போதே வீடு நகர்ந்து, வெளிய வந்து பாத்தா செருப்பெல்லாம் அங்கன கெடக்கு, வீடு இங்கன நிக்கி. மாப்பிள்ளைக்கு அம்மை வெறுங்காலோட நடந்து போயி செருப்பைப் போட்டுக்கிட்டு, "ரோடு சுடுது, மத்தபடி நல்ல எடம்"னு சொல்லிட்டுப் போனா.

மீனுக்குத் தாசில்தாருன்னு பேரு வச்சதும் அப்பத்தான். ஒருத்தன் எடத்தை இன்னொருத்தன் எடமா மாத்துத அதிகாரம் வேற யாருக்கு இருக்கு? "தாசில்தாரு இன்னைக்கு யாருக்குப் பட்டா மாத்துனாரு?"ன்னுதான் டீக்கடையில பேச்சு.

கொம்பையாவும் சும்மா இருக்கல. மொதல்ல வீட்டைச் சுத்திக் கூழாங்கல்லைக் குமிச்சு முட்டுக் குடுத்தாரு. மறுநாள் தெருவுல ஒவ்வொரு வாசல்லயும் முழங்கால் ஒசரத்துக்குக் கூழாங்கல்லு. மீன் அதையும் வாயில அள்ளி அள்ளித் துப்பிட்டு வீட்டைத் தள்ளுச்சு. அப்புறம் தூண்டில் நரம்பை வச்சு வீட்டையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கட்டுனாரு. தெருவுல ஒரு ஆளாலயும் ஜன்னலைத் தொறக்க முடியல, அதோட ஒரு வீட்டைத் தள்ளினா மத்த பத்தும் ரயில்பெட்டி கணக்கா கூடவே போச்சு. கண்ணாடியில கவ்விப் பிடிக்குத குமிழ் ரப்பரை வீட்டுக்கு அடியில வச்சு அழுத்திப் பாத்தாரு. அன்னைக்கு நடுவீட்டுல கால் வச்ச எல்லாரும் பொச்சுக் பொச்சுக்குன்னு சத்தத்தோடதான் காலை எடுக்க வேண்டியிருந்துச்சு. கையால எடுத்துப் பழைய எடத்துல வச்சாலும் வீடு வரத்தான் செஞ்சுது, ஆனா பத்து நிமிசத்துல தாசில்தாரு திரும்பத் தள்ளிருவாரு. கை விட்டா நகருதுன்னு தெரிஞ்ச மறுநாளே அஞ்சாம் நம்பர்க்காரன் வந்து, மீன் பாக்க வந்த மாதிரி நின்னு, தன் வீட்டை வேப்பமரத்து நெழலுக்குத் தள்ளிக்கிட்டான். பெரிய ஏச்சு. கடைசியில பிள்ளையார் முன்னால சூடம் ஏத்தி எல்லாரும் சத்தியம் பண்ணுனாவ: தொட்டிக்குள்ள யாரும் கை விடப்பிடாது, மீன் வச்சதுதான் எடம்.

இப்ப ஆவுடைக்கு வருவோம். நம்ம கதை அவ கதைதான், மத்ததெல்லாம் அவ வீட்டுக்குப் போற வழி.

ரெண்டாம் நம்பர் ஆவுடையம்மாளும் பத்தாம் நம்பர் வடிவும் கூடப்பொறந்த அக்கா தங்கச்சி. ஒம்போது வருசமாப் பேச்சு கெடையாது. ஆவுடை மக கல்யாணத்துக்கு மறுவீட்டுச் சாப்பாடு, திருநெல்வேலிப் பக்கம் மறுவீடுன்னா சொதிதான், தேங்காப்பால்ல வைக்குத சொதி, அதை ஆவுடை தன் கையாலதான் வைப்பேன்னு ஒத்தைக்கால்ல நின்னு இருநூறு பேருக்கு வச்சா. பந்தியில வடிவு ஒரு வாய் வச்சுட்டு, சம்பந்திமாரு காதுல விழுத மாதிரி, "என்னக்கா, மூணாம் பால் மட்டுந்தான் ஊத்துனியா?"ன்னுட்டா. தேங்காயைத் திருகி மொதல்ல பிழியது மொதப்பால், கெட்டிப்பால்; மூணாம் தடவை பிழியது வெறும் வெள்ளைத் தண்ணி. அந்த ஊருல ஒரு பொம்பளையைப் பாத்து அப்படிச் சொல்லுததுக்கு, நாலு அறை அறைஞ்சிட்டுப் போயிரலாம். அன்னைக்கு மூடுன வாய் ரெண்டும் தொறக்கல. ரெண்டு வீட்டுக்காரரும் மட்டும் முக்குல ஒண்ணா டீ குடிச்சு ஒண்ணா சிரிப்பாவ, தெருவுக்குள்ள வந்த உடனே யாரோ எவரோன்னு ஆளுக்கொரு பக்கம் நடப்பாவ.

தெருவுக்கு அந்தக் கோடியும் இந்தக் கோடியுமா இருந்த ரெண்டு வீட்டையும் தாசில்தாரு மாசக்கணக்கா அப்படித் தள்ளி இப்படித் தள்ளி, புரட்டாசியில நடுத்தெருவுக்குக் கொண்டு வந்துட்டாரு. நடுவுல ஒரே ஒரு வீடு, மானேஜர் பிச்சையா வீடு. அந்தாளு டிவியை வைக்குத சத்தத்துல பக்கத்து வீட்டு மிக்சி ஓடுதா இல்லியான்னு தொட்டுப் பாத்துதான் தெரிஞ்சிக்கிடணும். அந்தச் சத்தத்துக்கு அந்தப் பக்கம் வடிவு இருமுதது ஆவுடைக்குக் கேக்கும். ராத்திரி பகல் இருமுதாளே, கசாயம் வச்சுக் குடிக்காளா இல்லியா, சவத்து மூதி, எவன் கேக்கது?

ஒரு மத்தியானம் ஆவுடை கறிவேப்பிலை வாங்கப் போற மாதிரி கொம்பையா வீட்டுக்குப் போனா. கொம்பையா பாயில மல்லாந்து கெடக்காரு, குறட்டை. வளையலை ஒவ்வொண்ணாக் கழட்டி முந்தானையில முடிஞ்சா. பிள்ளையாரப்பா, சூடத்துல சத்தியம் பண்ணுனவதான், இந்த ஒரு தடவை கண்ணை மூடிக்கோன்னு சொல்லித் தானும் கண்ணை மூடித் தொறந்து தொட்டியைப் பாத்தா, மானேஜர் வீடு அந்தால ஓரமாக் கெடக்கு, வடிவு வீடு வந்து அவ வீட்டோட செவரும் செவருமா ஒட்டி நிக்கி. தாசில்தாரு மூலையில ஒதுங்கி, யாரு மேலயோ கோவம் மாதிரி, செவுளை விரிச்சுக்கிட்டு மொறைக்காரு.

தெருவுக்கே வீட்டைத் தள்ளுத மீன், தன் மனசுல இருக்கதைப் படிச்சுட்டுத் தள்ளிருக்கு பாருன்னு ஆவுடை நெனச்சா. "நல்லா இருய்யா"ன்னு கண்ணாடியில வெரலை வச்சுச் சொல்லிட்டு, வளையலைத் திரும்பப் போட்டுக்கிட்டு, கறிவேப்பிலையை மறந்துட்டு வீட்டுக்கு வந்தா. தெருவுல போறவங்க வாறவங்ககிட்ட எல்லாம் "பாத்தீகளா இந்த மீனுக்கு இருக்க கொழுப்பை? யாரைக் கொண்டு வந்து யாரு பக்கத்துல வச்சுருக்கு பாருங்க"ன்னு ஒப்பாரி வச்சா. அன்னைக்கு அவ அடுக்களை ஜன்னலை எண்ணெய் போட்டுத் தொடச்சு, ரெண்டு கதவையும் விரியத் தொறந்து வச்சா. எதுத்த ஜன்னல் ரெண்டடி தூரம். அது ஏற்கெனவே தொறந்துதான் இருந்துச்சு.

பேசலாம்னா பேச்சு கெடையாதே. ஆவுடை கரண்டியைப் பாத்து ஆரம்பிச்சா.

"ஏ கரண்டி, நீ உன் சோலியைப் பாரு. பக்கத்துல யாரு வந்தா நமக்கென்ன? நாம யாரு வீட்டுல போயி ஒட்டிக்கிட்டு நின்னோமா?"

அந்தப் பக்கம் வடிவு சட்டியைத் தட்டுனா. "ஏ சட்டி, நாமளா வந்தோம்? தாசில்தாரு கொண்டு வந்து வச்சாரு. பிடிக்கலன்னா மனு எழுதிக் குடுக்கச் சொல்லு."

"ஏ கரண்டி, சட்டிக்கு வாய் கூடிப்போச்சு."

"ஏ சட்டி, கரண்டிக்கு எப்பவுமே அப்படித்தான்."

இப்படி ஒரு மாசம், தாசில்தாரு என்னமோ அந்த ரெண்டு வீட்டுப் பக்கமே வராம மத்த வீட்டைத் தள்ளிக்கிட்டு இருக்க, பாத்திரம் பண்டமெல்லாம் பேசுச்சு. நாளைக்குப் பிரதோசம், நாலரைக்குக் கெளம்பணும்னு ஆவுடை அரிவாமணைகிட்டச் சொல்லுவா, மறுநாள் நாலரைக்கு ரெண்டு பேரும் பத்தடி தள்ளித் தள்ளிக் கோயிலுக்கு நடப்பாவ. இருமலுக்கு ஆடாதொடை நல்லதுன்னு அம்மிக்குழவிகிட்டச் சொல்லுவா, சாயங்காலம் அந்தப் பக்கம் கசாய வாசம் வரும். அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை ஆவுடை சொதி வச்சா. ஒம்போது வருசமா அந்த வீட்டு அடுப்புல ஏறாத சொதி. மூணு தேங்காயைத் திருகி, மொதப்பால், ரெண்டாம் பால், மூணாம் பால்னு தனித்தனியாப் பிழிஞ்சு, கடைசியா அடுப்பை அணைச்சுட்டு மொதப்பாலை ஊத்தி, இஞ்சியைத் தட்டிப் போட்டு, மூடாம ஜன்னல்கிட்ட வச்சுட்டு, மூச்சு விடாம நின்னா.

அப்புறம் வடிவு கொரல், மெதுவா: "ஏ ஆட்டுரலு, மொதப்பால் வாசம் வருது பாத்தியா? அன்னைக்கும் இப்படித்தான் இருந்துருக்கும். எனக்குத்தான் சளி பிடிச்சிருந்துச்சு போல."

ஆவுடை ஒரு கிண்ணத்துல சொதியை ஊத்தி ஜன்னல் கட்டையில வச்சா. "பூனைக்கு வைக்கேன்"னு காத்துல சொன்னா. காலையில பாத்தா அந்தப் பூனை கிண்ணத்தைப் புளி போட்டு வெளக்கிக் கவுத்தி வச்சிருந்துச்சு.

அந்த நேரம் பாத்துத்தான் தெருவை ஒட்டணும்னு கெளம்புனாவ. மானேஜர் மகளுக்குத் தையில கல்யாணம். பத்திரிகையில என்ன அட்ரஸ் போட? "மேட்டுத்தெரு, அன்னைக்கு எங்க இருக்கோமோ அங்க"ன்னா போட முடியும்? வீட்டையெல்லாம் ஒரே டைல்ஸ் பலகையில சிலிகான் பசை வச்சு ஒட்டிரணும், டைல்ஸை மணலுக்கு அடியில பொதச்சிரணும், அப்புறம் தாசில்தாரு தள்ளணும்னா மொத்தத் தெருவையும் மண்டையால தூக்கணும், அது அவரால ஆகாதுன்னு டைல்ஸ் ஒட்டுத தளவாய் அடிச்சுச் சொன்னான். சொன்னவன் மொதல்ல கொண்டு வந்தது பாத்ரூமுக்கு வைக்குத பசை.

"என்னலே, எங்க வீட்டையெல்லாம் கக்கூஸ் பசையிலயா ஒட்டப்போற?"ன்னு ஆவுடை போட்ட சத்தத்துல, அவன் டியூப்பைத் திருப்பிப் படிச்சுப் பாத்தான். பூஞ்சை வராம இருக்க மருந்து கலந்துருக்காம். ஊத்திருந்தா தாசில்தாரு அன்னைக்கே பரலோகம் போயிருப்பாரு. மீன்தொட்டிக்குன்னே இருக்க பசையை வாங்கிட்டு வர ஒரு வாரம் ஆச்சு.

அந்த ஒரு வாரத்துல கொம்பையா சர்வே ஆபீசு முறையில விதி எழுதுனாரு. மீன் வச்ச எடத்துக்கு ஆட்சேபணை உண்டான்னு மூணு தடவை கேப்பாரு. யாரும் வாயைத் தொறக்கலன்னா ஆட்சேபணை இல்லை, ஒட்டிரலாம். கை வச்சு நகர்த்துனதுன்னு தெரிஞ்சா அந்த வீடு செல்லாது, சர்வே படத்துல உள்ள பழைய எடத்துக்கே போகணும். அப்படியும் அங்கதான் வேணும்னா, ரெண்டு வீட்டுக்காரங்களும் சபையில எந்திரிச்சு நின்னு, எனக்கு இவங்க பக்கத்துலதான் வீடு வேணும்னு வாயைத் தொறந்து கேக்கணும்.

ஆவுடைக்கு அந்த விதி ரொம்பப் பிடிச்சுப்போச்சு. வாயைத் தொறக்காம இருந்தாப் போதும்! ஒம்போது வருசமா அவ அதைத்தானே பண்ணிக்கிட்டு இருக்கா? மூணு தடவை சும்மா இருந்தா, ஆயுசுக்கும் அந்த ஜன்னலுக்கு எதுத்த ஜன்னல் அவளுக்கு. தான் கேட்டதாவும் இருக்காது, தங்கச்சி கேட்டதாவும் இருக்காது, மீன் வச்சது. ஒரு வார்த்தை பிசகுனா இவ தெருவுக்கு அந்தக் கோடி, அவ இந்தக் கோடி.

ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குத் தொட்டித் தண்ணியை வடிச்சாவ. தெருக்குழாய் எல்லாத்துலயும் காத்து வந்துச்சு. நகராட்சிக் குழாய்ங்கிறதால யாரும் அதை வித்தியாசமா நெனைக்கல. தாசில்தாரை ஒரு பிளாஸ்டிக் அண்டாவுக்கு மாத்துனாவ, அவரு அங்க இருந்து எட்டி எட்டிப் பாத்தாரு. தளவாய் தொட்டிக்குள்ளயே ஒவ்வொரு வீடாத் தூக்கி அடியில டைல்ஸைக் குடுத்தான். வெளிய வீடெல்லாம் ஒரு வெரக்கடை ஏறி எறங்குச்சு. பட்டாசல் பூரா கூட்டம். ஆவுடை தூணுக்கு இந்தப் பக்கம், வடிவு தூணுக்கு அந்தப் பக்கம்.

"ஒண்ணாம் நம்பர், மீன் வச்ச எடம். ஆட்சேபணை உண்டா? உண்டா? உண்டா? இல்லை. ஒட்டு"ன்னு கொம்பையா கோர்ட்டு டவாலி மாதிரி கூப்பிட, தளவாய் துப்பாக்கி மாதிரி இருக்க அந்தக் கருவியை அழுத்திச் சர்ர்ருன்னு பசையை விட்டான்.

"ரெண்டாம் நம்பர் ஆவுடையம்மா, பக்கத்துல பத்தாம் நம்பர் வடிவு. மீன் வச்ச எடம். ஆட்சேபணை உண்டா?"

கூட்டமே தூணைப் பாத்துச்சு. மொதப்பால் மூணாம் பால் கதை தெரியாத ஆளு அந்தத் தெருவுல யாரு? ஆவுடை தரையைப் பாத்தா. வடிவு உத்தரத்தைப் பாத்தா.

"உண்டா?"

"ஏ தூணு," ஆவுடை மெதுவாச் சொன்னா, "அதிகாரி வச்ச எடத்துக்கு நாம என்னத்தைச் சொல்ல?"

"ஏ தூணு, அதான"ன்னு அந்தப் பக்கம் சொல்லுச்சு.

தூணுகிட்டச் சொன்னது சபையில சொன்னதாகாதுன்னு கொம்பையா தலையை ஆட்டிக்கிட்டு, மூணாம் தடவைக்கு வாயைத் தொறந்தாரு. தளவாய் பசைக்குழாய் மூக்கை ரெண்டு வீட்டுக்கும் அடியில கொண்டு போயிட்டான்.

"உண்டா?"

ஃபேன் சத்தம் மட்டுந்தான். ஆவுடை பிடிச்சிருந்த மூச்சைப் பாதி விட்டுட்டா.

அப்பப் பாத்து வாசல்ல டங்குன்னு ஒரு சத்தம். கேஸ் சிலிண்டர் போடுத ஆளு, வேத்தூர்க்காரன், சூடமும் தெரியாது, சத்தியமும் தெரியாது, வடிவு வீட்டுச் சிலிண்டருக்குக் கையெழுத்து வாங்க வந்தவன், கூட்டத்துக்கு மேல கழுத்தை நீட்டித் தொட்டியைப் பாத்துட்டு, "அண்ணாச்சி, என்னத்தை மீன் வச்சுது?"ன்னு சிரிச்சான். "போன மாசம் உங்களுக்குச் சிலிண்டர் மாத்த வந்தம்லா, நீங்க குறட்டை விட்டுத் தூங்குதீக, இந்த வடிவக்கால்லா முழங்கை வரைக்கும் கையை விட்டு அவ்வொ வீட்டைத் தள்ளிக்கிட்டு நின்னாவ! மீன் வெரலைப் பிடிச்சுக் கடிக்கு, தொட்டியில ரத்தம் கலங்குது, நான் 'கையை எடுங்கக்கா, கையை எடுங்கக்கா'ங்கேன், 'பொறுப்பா, அக்கா வீட்டுக்கு இன்னும் ஒரு அங்குலந்தான் இருக்கு'ங்காவ!"